கதவுக்கு இந்தப் பக்கம்

"இருபது நிமிஷம். எழுந்திருக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, கதவைத் தொடக் கூடாது. எங்கே, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னாள். மூன்றாவது மறந்துவிட்டது. பயிற்சி டீச்சர் பொறுமையாக எடுத்துக் கொடுத்தாள், முக்காலியில் உட்கார வைத்தாள், கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தங்கும் விடுதியின் விரிப்பு அறை அது. மூன்று பக்கமும் கூரை வரை வெள்ளைப் படுக்கை விரிப்புகள், ஜன்னலே கிடையாது, கதவில் மட்டும் ஒரு சாண் கண்ணாடி. சலவைக்கூடத்துச் சூடு கதவிடுக்கில் நுழைந்து அவள் கழுத்தை நனைத்தது.

அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள பெரியவர்களை வேலைக்குப் பழக்கி அனுப்பும் மையம் டீச்சருடையது. ஆறு வாரம் கூடவே நின்று சொல்லிக்கொடுப்பார்கள், கடைசியில் இந்தத் தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். இன்றைக்கு விட்டால் மூன்றாவது, அதோடு முடிந்தது கதை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 'அளவுகோல்' விரிப்பு மடித்துக்கொண்டிருந்தான். விளிம்போடு விளிம்பு ஒரு நூல் பிசகாமல் மடிப்பான் என்று சலவைக்கூடத்தில் வைத்த பெயர். முதல் தேர்வில் நாலாவது நிமிஷமே அவள் ஓடிப்போய் அவன் கையிலிருந்த விரிப்பைப் பிடுங்கித் தானே மடித்தாள். இரண்டாவதில் சொம்பும் கையுமாகப் போய், தண்ணீர் குடித்தாயா என்று கேட்டாள்.

கூடமே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

"இது சலவைக்கூடமா, பாலர் பள்ளியா? இன்னொரு தடவை இப்படி நடந்தா இந்த வேலையே வேண்டாம், கூட்டிட்டுப் போயிடுங்க" என்று டீச்சரிடம் கத்தினார்.

ஐந்து நிமிஷம் ஆனது. அளவுகோலின் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. ஓடிப்போய் அதை இழுத்துவிட அவளுக்குக் கை துறுதுறுத்தது. பக்கத்திலிருந்த விரிப்பு ஒன்றை உருவி, மடியில் வைத்துப் பிசைந்தாள்.

பத்து. பதினைந்து. சுவர்கள் கிட்டே கிட்டே வருவதாகத் தோன்றியது. ஒரு மனுஷியை இப்படியா அடைத்து வைப்பார்கள் என்று டீச்சர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பதினெட்டாவது நிமிஷம் வெளியே தடால் என்று சத்தம். தள்ளுவண்டியின் சக்கரம் வடிகால் மூடியில் மாட்டி, தலையணை உறைகள் மொத்தமும் தரையில் சரிந்தன. அளவுகோல் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

அவள் எழுந்தே விட்டாள். கை கதவுப்பிடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. கண்ணாடிக்கு வெளியே டீச்சர் அசையாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கல் நெஞ்சக்காரி.

தொடக் கூடாது, தொடக் கூடாது. விரிப்பின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

"அண்ணே, சக்கரம் மாட்டிக்கிச்சு. ஒரு கை குடுங்க!" அளவுகோலின் குரல்தான். இஸ்திரி போடுகிறவர் வந்தார். இரண்டு பேரும் தூக்கினார்கள், வண்டி நகர்ந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவு திறந்தது.

"இருபத்தோரு நிமிஷம்! எழுந்திரிச்சது தப்புதான். ஆனா கதவைத் தொடலை, அதனால பாஸ்" என்றாள் டீச்சர். உள்ளே இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

டீச்சரின் பின்னாலேயே அளவுகோலும் வந்தான். அவள் கசக்கி வைத்திருந்த விரிப்பை வாங்கி உதறினான், விளிம்போடு விளிம்பு வைத்து மடித்து அடுக்கில் வைத்தான். பிறகு அவளைக் காட்டி டீச்சரிடம் கேட்டான்.

"இனிமே எங்கம்மாவை வீட்ல தனியா விட்டுட்டு நான் வேலைக்கு வரலாம்தானே, டீச்சர்?"