பதின்மூன்றாவது கணு

தேனீ அவருடைய சட்டைக் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறை வாயால் கவ்வியபடி தூங்கிக்கொண்டிருந்தது. காதுக்கு ஒரு விரற்கடை கீழே.

அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். காலை ஷிஃப்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்து, டியூட்டி சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்வு நாற்காலியில் விழுந்தவர். குறட்டை வேறு.

டீயோடு வந்த மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டம்ளரைச் சத்தம் வராமல் தரையில் வைத்ததே பெரிய காரியம்.

போன வருஷம் அவருக்கு ஒரே ஒரு கொட்டுதான். உதடு வீங்கி, நாக்கு தடித்து, ஆம்புலன்ஸில் மூச்சு நின்று திரும்பியது. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வந்து சேரக்கூட நேரம் இருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தேனீ ஜன்னல் வழியாக வந்தது என்று கேள்விப்பட்ட மாமியார், ஆள் வைத்து எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

வலையெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இது சட்டையில் சவாரி செய்து, ராஜா மாதிரி வாசல் வழியாக வந்திருக்கிறது. வெளியே தூறல். குளிருக்கு விறைத்துப்போய்க் கிடக்கிறது.

எழுப்பினால் தலையைத் திருப்புவார். திருப்பினால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே அது நசுங்கும். நசுங்குகிற தேனீ சும்மா போகாது.

டம்ளரைக் கவிழ்த்து மூடலாம் என்றால் காலர் மடிப்பில் டம்ளர் உட்காராது. அவசர ஊசி படுக்கையறை அலமாரியில் இருக்கிறது. போய்வர அரை நிமிஷம். மனுஷன் தூக்கத்தில் அரை நிமிஷம் ஒரே பக்கமாகக் கிடந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆணாக இருந்தால் விரலால் எடுத்து வெளியே விட்டுவிடலாம். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது.

ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் அவள் வேலையே. அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு. வந்து சேரும் தேனீக்களை இனம் பிரித்துச் சீட்டு எழுதுகிறவள். அங்கே அவளுக்குக் ‘கொம்பெண்ணி’ என்று பட்டப்பெயர். எந்தத் தேனீயைக் கொடுத்தாலும் முதலில் உணர்கொம்பைப் பிடித்து, அதில் எத்தனை கணு என்று எண்ணிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். ஒரு வருஷமாகத்தான் இந்தக் கிறுக்கு. ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணோடு வைத்துக் குனிந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். மூச்சின் சூடு பட்டாலே அது விழித்துக்கொள்ளும்.

கறுப்பு உடம்பு. வயிற்றில் வெள்ளைப் பட்டைகள். கூட்டமாகத் தேன் சேர்க்கிற ஜாதி இல்லை, தனியாகத் திரிகிற ஜாதி. இலைவெட்டித் தேனீயோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. கண்ணில் குட்டை குட்டையாக மயிர், முதுகில் இரண்டு முள். குயில் தேனீ.

மகரந்தம் சுமக்கும் மயிர் காலில் இல்லை. அடிவயிற்றிலும் இல்லை.

மயிர் இல்லாவிட்டால் ஆண் என்று அரைகுறைகள் சொல்லிவிடும். குயில் தேனீயிடம் அந்தக் கணக்கு செல்லாது. இது அடுத்த தேனீ கட்டி, மகரந்தம் நிரப்பி வைத்த கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் ஜாதி. பிள்ளைக்குத் தீனி சுமக்கும் வேலை இல்லாததால் பெண்ணுக்கும் மயிர் இல்லை. கொடுக்கு மட்டும் உண்டு.

வயிற்றின் நுனியைப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். நுனி காலர் மடிப்புக்குள் இருந்தது.

மிச்சம் இருந்தது உணர்கொம்பு. பெண்ணுக்குப் பன்னிரண்டு கணு, ஆணுக்குப் பதின்மூன்று.

முதல் கணு நீளம். இரண்டாவது கண்ணில் படாத அளவுக்குக் குட்டி. அதை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. மூன்று, நான்கு. ஏழாவதில் லென்ஸ் ஆடியது. எண்ணிக்கை போய்விட்டது.

ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து. ஒன்பதில் தேனீ ஒரு காலை உதறியது. பத்தில் அவர் எச்சில் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்க, காலர் அசைந்தது, நூல் ஆடியது.

பதினொன்று. பன்னிரண்டு.

நுனியில் சப்பையாக இன்னொன்று.

“எண்ணிட்டியா?”

அவர் கண் மூடியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. குறட்டை எப்போது நின்றது என்று அவள் கவனித்திருக்கவில்லை.

போன வருஷம் ஜன்னல் வழியாக எதுவும் வரவில்லை. அருங்காட்சியகத் தோட்டத்தில் பிடித்த தேனீயை ஒரு குப்பியில் கொண்டுவந்து, காலில் மயிர் இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு, ஆம்பளைதான், கொட்டாது என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளங்கையில் விட்டவள் அவள். கூச்சம் தாங்காமல் அவர் கையை மூடினார். ஆஸ்பத்திரியில் பேச்சு திரும்பியதும் டாக்டரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, ஜன்னல். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

“பதிமூணு,” என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அவர் கழுத்தை அசைக்காமல் வலது கையை மட்டும் மெல்ல நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.

“அப்ப குடு.”

அவள் லென்ஸை மறுபடியும் கண்ணில் வைத்து, முதல் கணுவிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.