எஞ்சினுக்கு முகப்பவுடர்

"வண்டிய நிறுத்தி வையுங்ணா."

சொல்லிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பட்டறைக்காரர் நாச்சிமுத்து விதித்த ஒரே விதி, அதைச் சொல்லக் கூடாது என்பது. பில் போடு, போனை எடு, என்ன வேண்டுமானாலும் பண்ணு அம்மிணி. வந்த வண்டியை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே. இங்கே நிறுத்தினால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. டீயை எடுத்து ஊதினார்.

பள்ளிக்கூட வேன்.

எஞ்சின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், வண்டிக்குள்ளேயே. மேலே பெட்டி மாதிரி ஒரு மூடி. இடம் போதாத நாளில் எல்கேஜி பிள்ளைகள் அந்த மூடியின் மேல்தான். சூடு தெரியாமலிருக்க டிரைவர் மரியசெல்வம் அதில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டிருந்தார்.

இடம் போதாத நாள் என்று தனியாக ஒன்று கிடையாது.

காலையில் வண்டியைப் பட்டறையில் விட்டபோது, அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். தீய்ந்த வாசம் வருகிறதென்று பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம்.

மெக்கானிக் கஜேந்திரன் அடியில் படுத்துப் பார்த்தான். ஈரமாக இருந்த போல்ட்டுகளை இன்னொரு சுற்று இறுக்கினான். ஒழுகினால் இறுக்கு. அந்தப் பட்டறையில் வைத்தியம் அதுதான்.

சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றில்லை. எண்ணெய் மேலிருந்து இறங்கி வரும்.

அவன் சாப்பிடப் போனதும் அவள் எஞ்சினைக் கழுவினாள். காற்றடித்துக் காயவைத்தாள். கைப்பையிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்து எஞ்சின் முழுக்கத் தூவினாள்.

அவன் திரும்பி வந்து பார்த்தான்.

"ஏனுங்க, எஞ்சினைப் பொண்ணு பாக்க வர்றாங்களாக்கும்?"

பட்டறையே சிரித்தது. நல்ல கிண்டல்தான். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

ஸ்டார்ட் செய்து ஓடவிட்டாள்.

வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது.

எஞ்சினின் தலையில் இருக்கும் டாப்பெட் கவர். அதன் பின்மூலையில் தொடங்கி, வளைந்து, சைலன்சர் குழாயின் மேல் விழுந்தது.

விழுந்த இடத்தில் புகை.

குனிந்தபோது உள்ளங்கை குழாயில் பட்டது. சுட்டது என்று தெரிந்தது. வலிக்கவில்லை.

எஞ்சின் ஆறியதும் கவரைக் கழற்றினாள். கவருக்கடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டைக்குப் புத்தகத்தில் கேஸ்கட் என்று பேர். பட்டறையில் பேக்கிங். இது கார்க்கில் செய்தது. ஒழுகியபோதெல்லாம் இறுக்கியிருந்தார்கள். இறுக்க இறுக்கப் பிதுங்கி, பின்மூலையில் வெடித்திருந்தது. மிச்சம் அப்பளமாய் நொறுங்கியது. அதற்கு மேலேயே யாரோ கம் பசையை அப்பியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. இதே பட்டறைதான்.

உள்ளூர்க் கடையில் கார்க் பேக்கிங் இருந்தது. அந்தச் சூட்டுக்கு அது மறுபடி காய்ந்துதான் போகும். ரப்பர் வேண்டும். சேலத்தில் இருந்தது. காலையில் முதல் பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

ஒரு ராத்திரி வண்டி நின்றால் போதும்.

மரியசெல்வத்துக்குப் போன் போட்டாள். எங்கே ஒழுகுகிறது, எதன் மேல் விழுகிறது, எல்லாம் சொன்னாள். தீப்பிடிக்கும் என்றும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"நாச்சிமுத்து அண்ணன் என்ன சொல்றாரு பாப்பா?"

அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பட்டமளிப்பு அன்று வாடகைக் கறுப்பு அங்கியின் ஓரத்தை அப்பா விரலால் தேய்த்துப் பார்த்தார், ஜவுளிக்கடையில் துணி பார்ப்பதுபோல.

அண்ணன் சொன்னது இது. கம் வைத்து மூடு. எஞ்சினைக் கழுவிப் பளிச்சென்று அனுப்பு.

கஜேந்திரன் மூடினான். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் கம் பிடிக்காது என்பது அவனுக்கும் தெரியும். கழுவினான். பவுடர் போயிற்று. கோடும் போயிற்று. முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். வேலை முடிந்த வண்டிக்கு அது வழக்கம். சாவியைக் கொண்டுபோய்ச் சுவர் ஆணியில் மாட்டினான்.

அப்போதுதான் அவள் வண்டியை நிறுத்தி வைக்கச் சொன்னாள்.

நாச்சிமுத்து டீயைக் குடித்து முடித்தார். குரலை உயர்த்தவில்லை.

"பள்ளிக்கூடம் விடற நேரம். வண்டிய நிறுத்திப் போட்டா, அத்தனை புள்ளைகளையும் இடுப்புல தூக்கிட்டுப் போயி நீ வீட்ல விடறியா அம்மிணி?"

கஜேந்திரன் சிரித்தான்.

அவள் மேஜைக்குப் போனாள். பவுடர் டப்பாவைக் கைப்பையில் போட்டாள். சாப்பாட்டு டப்பாவையும் போட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, சாவி மாட்டிய சுவரோரமாக நடந்தாள்.

வேனைத் தாண்டும்போது எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். முழுசாக இருந்தது.

வாசலில் மரியசெல்வம் எதிரே வந்தார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு, அவசரமாக. நேரமாகிவிட்டது, சாவி எங்கே என்று கேட்டார்.

"அண்ணனைக் கேளுங்க."

உள்ளங்கையில் சாவியின் பற்கள் அழுந்தின. கொப்புளத்தின் மேலேயே.

அவள் வீட்டுக்குப் போகிற பஸ் இடப்பக்கம் நிற்கும். வலப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் முதலில் ஆட்டோ ஸ்டாண்டு. அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம்.

பின்னால், சுவரில் ஆணி ஆணியாகத் துழாவும் சத்தம் கேட்டது.