இன்னும் படிக்காதவை

தையல் மெஷின் மெக்கானிக்குகளின் அந்த இணைய மன்றத்தில், படிக்காத பதிவு தடித்த எழுத்தில் இருக்கும், படித்ததும் மெலிந்துவிடும். மற்றவர்களெல்லாம் எப்போதோ வாட்ஸப்புக்குப் போய்விட்டார்கள். அவள் கணவர் மட்டும் காலைக் காப்பியோடு உட்கார்ந்து, மிச்சமிருந்த பழைய பதிவுகளில் தினம் ஒன்றைப் படிப்பார். அவர் இறந்த அன்று நாற்பத்தொன்று பாக்கி இருந்தது.

இருபத்தொன்பது நாள் கழித்து, அவர் கணக்கை மூட உட்கார்ந்த மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீ எதையாவது திறந்தியா? பன்னெண்டுதான் இருக்கு."

"அந்தப் பக்கமே நான் போகலடி."

மறுநாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் பத்து. மூடுகிற பேச்சை மகள் பிறகு எடுக்கவே இல்லை.

ஒன்றில் வந்து நின்ற காலையில் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷின் பேச்சென்றாலே எழுந்து போகிறவள், தானும் மன்றத்தில் சேர்ந்து, பாபினில் நூல் ஏன் சிக்குகிறது என்று கேட்டாள். அன்றிலிருந்து தினம் ஒரு கேள்வி. யாரும் பதில் போடுவதில்லை. அவர் கணக்கில் அந்தக் கேள்விகள் மட்டும் ஒவ்வொன்றாக மெலிந்துகொண்டு வந்தன.

ஒருநாள் மனசு கேட்காமல், "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் எழுதினாள். மூன்று நாளாகியும் அது தடித்தபடியே நின்றது.

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க," என்று முனகியபடி அதை அழித்துவிட்டு, பெல்ட் ஏன் நழுவுகிறது என்று எழுதினாள்.

அவள் காப்பி கலந்துகொண்டு வருவதற்குள் அது மெலிந்திருந்தது.