மூன்றாம் ஆடுகளத்து வலை

“அன்ரி, இவ்வளவு பெரிய வீட்டில ஏன் ஒருத்தரும் இருக்கிறேல்லை?”

போன கார்த்திகை வெள்ளத்தில் கரையோரக் குடியிருப்புச் சனம் யாழ்ப்பாண நகரத்து உள்ளக விளையாட்டரங்குக்கு வந்து சேர்ந்த முதல் நாள், மீனவன் எமில்ராஜின் மூத்த மகள் கேட்ட கேள்வி அது.

அரங்கின் பொறுப்பாளர் குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடமாக அவள் இங்கே இருக்கிறாள். பட்மின்டன் ஆடியிருக்கிறார்கள். வாக்கு எண்ணியிருக்கிறார்கள். கொரோனாவுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். ஒருமுறை மாம்பழக் கண்காட்சிகூட நடந்தது. ஆட்கள் பாய் விரித்துப் படுத்தது வெள்ளத்தின் அந்தப் பதினொரு நாள் மட்டும்தான்.

இப்போது அந்தப் பிள்ளையின் தகப்பன்தான் அவளுடைய நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமைகளில் அவள் வரவுப் பதிவேட்டைக் கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போவாள். அரங்கு வெறுமையாக இருக்கும். இன்று மூன்றாவது புதன். மூன்றாவது தடவையும், அவள் திரும்பி வரும் நேரம் எமில்ராஜ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

முதல் வாரம் அவன் ஒரு காரணம் சொன்னான். மகளைப் பட்மின்டன் வகுப்பில் சேர்க்கலாமோ என்று பார்க்க வந்தானாம். மகளைக் கூட்டிக்கொண்டு வந்ததேயில்லை.

பொருள் அறையின் பூட்டு வெள்ளத்தோடு பழுதாகிப்போனது. குணலட்சுமி உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தாள். மட்டைகள் இருந்தன. இறகுப்பந்துக் குழாய்கள் இருந்தன. மூலையில் சுருட்டி வைத்த வலைகளும் இருந்தன.

ஒன்றும் களவு போகவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது.

களவெடுக்க வராதவன் வேறு எதற்கு வருகிறான்?

வெள்ளிக்கிழமை பரிசோதனை. வெள்ளம் வடிந்தபின் அவள் எழுதிக் கொடுத்த சேத அறிக்கையோடு அதிகாரி வருவார். அவர் திருப்தியென்று எழுதினால்தான் அவளுடைய நிரந்தர நியமனம் வரும். அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது. மூன்றாம் ஆடுகளத்து வலை, கைக்குழந்தைக்கு ஏணைத் தொட்டில் கட்டுவதற்காக நடுவில் வெட்டப்பட்டது. வெட்டியவர் எமில்ராஜ்.

அது அவன் காதுக்குப் போய்விட்டதோ? வெள்ளிக்கிழமை வந்து நின்று சத்தம் போடுவானோ?

“தம்பி, நில்லும். பையைத் திறவும் பாப்பம்.”

அவன் திறந்து காட்டினான். ஒரு சோற்றுப் பார்சல். பக்கத்தில் மெல்லிய கத்தி.

“உது என்ன, கத்தியே?”

“கடலுக்குப் போறவன்ரை பையில பேனையே அக்கா கிடக்கும்?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றாள்.

சைக்கிளில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “உங்களுக்கு ஒண்டும் வராது. யோசியாதேங்கோ.”

அந்தச் சொல்லை அவள் அன்று முழுவதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஆறுதல் சொல்கிறவனும் அப்படித்தான் சொல்வான். வெருட்டுகிறவனும் அப்படித்தான் சொல்வான்.

வியாழன் மாலை பிள்ளையார் கோயிலில் அவளுக்குத் தேவாரம் பாதியில் நின்றுவிட்டது. நாளைக்கு அவன் வரக்கூடாது என்று கேட்டாள். ஒரு தகப்பனுக்கு எதிராகக் கடவுளிடம் கேட்கிறோமே என்று கூசியது. ஆனாலும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதிகாரி வாகீசன் வந்தார்.

“வெட்டின வலையை எடுங்கோ அக்கா.”

மூன்றாம் ஆடுகளத்தில் அதை விரித்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. வெட்டு இல்லை.

வலை மாறிவிட்டதென்று நினைத்து மற்ற வலைகளையும் அவள் விரித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து அதே வலையின் அருகில் குந்தினாள். நடுவில், மேலிருந்து கீழாக, ஒரு வரிசை முடிச்சு. தொழிற்சாலை முடிச்சைவிடச் சிறியது, இறுக்கமானது. மூன்று புதன்கிழமை வேலை.

“வலை தெரிஞ்ச கை,” என்றார் வாகீசன். “ஆனால் வெட்டினது வெட்டினதுதானே. உந்தக் குடியிருப்புச் சனத்துக்கு இனி மண்டபம் குடுக்கிறேல்லை எண்டுதான் மேலிடம் சொல்லுது. அறிக்கையை ஒருக்கா வாசிச்சு, பிழையிருந்தால் திருத்திக் கையெழுத்து வையுங்கோ. திங்கள் எடுப்பன். உங்கடை நியமனமும் அதோடைதான் போகும், பயப்பிடாதேங்கோ.”

அவர் போனபின் அவள் கதவைச் சாத்தினாள். பார்வையாளர் படியில் அமர்ந்து, அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எமில்ராஜின் கடைசிப் பிள்ளை, பிறந்து பதினான்கு நாளான குழந்தை. விடாத அழுகை. அவர்கள் வந்து தங்கிய நான்காம் நாள் இந்த அரங்கில் காய்ந்த சேலை ஒன்றுகூட இருக்கவில்லை.

அடுத்த வெள்ளத்திலும் யாரோ ஒருத்தி பச்சைக் குழந்தையோடு இந்த வாசலில் வந்து நிற்பாள்.

குணலட்சுமி பேனையைத் திறந்தாள். எமில்ராஜ் என்ற பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, வாசிக்கக்கூடிய எழுத்தில், அவசரப்படாமல் எழுதினாள்:

‘வெட்டியவர் குணலட்சுமி, பொறுப்பாளர். முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலால். எமில்ராஜ் அப்போது மருந்து வாங்க வெளியே போயிருந்தார்.’