சொல்லுக்கும் பொருத்தம்

“பிக் றெயின் எண்டு எழுதாதையும் பிள்ளை, மாப்பிள்ளை குடையை விரிச்சுக்கொண்டு ஓடிடுவார். ஹெவி றெயின்!” சசிகரன் மாஸ்டர் சுமித்திராவின் கைபேசியை எட்டிப் பார்த்துச் சொன்னார்.

நெடுந்தீவில் அன்றைய ரியூசன் முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். முன்பள்ளி ஆசிரியை சுமித்திரா மட்டும் வாங்குப் பலகையில் இருந்தாள். பெண்ணுக்கு இங்கிலீசு தெரிய வேண்டும் என்று கனடா மாப்பிள்ளை நிலக்ஷன் வீட்டார் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மூன்று மாதமாக அவள் அவனுக்கு அனுப்பிய ஆங்கிலச் செய்திகளெல்லாம் மாஸ்டர் திருத்தியவை. நாளைக்கு முடிவு சொல்லுகிறார்களாம்.

“பெரிய மழைதானே மாஸ்டர்? பிக் எண்டால் என்ன?”

“நீர் வீட்டில தேத்தண்ணி எப்பிடிக் கேப்பீர்?”

“சாயம் கூடப் போட்டுத் தாங்கோ எண்டு.”

“பலமான தேத்தண்ணி தாங்கோ எண்டு கேட்டால்?”

“விசரெண்டு அம்மா ஏசுவா.”

“அதுதான். சொல்லுக்கும் பொருத்தம் இருக்கு. சாத்திரியிட்டக் கேக்க ஏலாது. வெள்ளைக்காரன் எழுதினதை நிறைய வாசிச்சால் காது தானாச் சொல்லும்.”

“என்ர காது வாயே திறக்குதில்லை. இண்டைக்குப் பிழைவிட்டால் எல்லாம் போச்சு. படத்தில அந்தச் சிரிப்பைப் பாத்த நாளிலயிருந்து எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு, மாஸ்டர்.”

மாஸ்டர் நிலக்ஷனின் பதில்களை வாசித்தார். “என்ன இங்கிலீசு! ஒரு சொல் சோடி மாறேல்லை. ஆள் கெட்டிக்காரன்!”

அப்போது நிலக்ஷனிடமிருந்து, முதல்தடவையாக, குரல்செய்தி வந்தது. சுமித்திரா உடனே அழுத்தினாள்.

“சுமித்திரா, இனியும் ஒளிக்க ஏலாது. எனக்கு இங்கிலீசு ஓடாது. வீட்டுக்காரர் சும்மா புழுகினவை. உம்மட இங்கிலீசைப் பாக்கப் பயமாக்கிடக்கு. பதிலெல்லாம் ஊரிலயிருந்து ஒராள் எழுதித் தந்தவர். சசிகரன் எண்டு ஒரு மாஸ்டர், உங்கட தீவுக்கும் படிப்பிக்க வாறவராம். இனி முடிவு உம்மட கையில.”

“குறிகட்டுவான் துறைக்குப் போற படகுக்கு நேரமாச்சு” என்று மாஸ்டர் எழும்பினார்.

சுமித்திரா கைபேசியை வாயருகே பிடித்து, “எனக்கும் ஓடாது. நாளைக்கு ஓமெண்டு சொல்லும்” என்று அனுப்பிவிட்டு, வாசலை மறித்து நின்றாள்.

“அப்ப மூண்டு மாசமா நீங்கள் உங்களோடயே கதைச்சுக்கொண்டிருந்தனீங்களோ, மாஸ்டர்?”