குண்டூசிகள்

பார்சல் டப்பாவிலிருந்த பிரியாணியில் கோழிக்கால் அமுங்காமல் எடுப்பாகத் தெரிய, அதற்குள் குண்டூசிகளைச் செருகினான் மெல்வின். மேலே எண்ணெய் தடவிப் பளபளக்க வைத்தான். உணவுச் செயலிக்கான படங்களை எடுத்து முடித்து, கீழே போய் டீ குடித்துவிட்டு அரைமணி கழித்து வந்தபோது டப்பாவைக் காணோம்.

"மாஸ்டர், இங்க இருந்த பிரியாணி?"

"ஆர்டர் வந்துச்சு தம்பி. சோத்த வீணாக்கலாமா? மூடி அனுப்பிட்டேன்" என்றார் சமையல்காரர் செய்யது.

ஆர்டர் சீட்டிலிருந்த எண்ணில் மெல்வின் அந்த வாடிக்கையாளரை அழைத்தான். வெகுநேரம் மணியடித்தபின் ஒரு பெண் எடுத்தாள்.

"ஓட்டல்லேர்ந்து பேசறேங்க, அந்தப் பிரியாணி..."

"சூப்பர்ண்ணே! படத்துல வர்ற மாதிரியே இருக்கு. கால் துண்ட பாப்பா பிடுங்கிட்டு ஓடிட்டா!"

பின்னால் குழந்தையின் சிரிப்பு கேட்டது. சட்டென்று நின்றது.