மேடைக்கு முன்னால் நின்ற இருவர்

போன கச்சேரியில் கேமரா முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அதன் தலையிலிருந்த மைக்கும் கூடவே திரும்பியதால், நாதஸ்வர ஒலி இடம் மாறி மாறிக் கேட்டது. படத்தைப் பார்த்தவர்கள், "நாதஸ்வரக்காரர் நடந்துக்கிட்டே வாசிச்சாரா?" என்று சிரித்தார்கள். அதனால் இந்தக் கச்சேரியில் அந்த மைக்கை அணைத்துவிட்டு, மேடைக்கு முன்னால் ஒரே கம்பத்தில் இடமும் வலமுமாக வேறு இரண்டு மைக்குகளை நிறுத்தியிருந்தார்கள். கேமராவுக்கு அவமானமாக இருந்தது. இவர்கள் சொதப்பினால்தான் தன் காது தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்தது.

"தவிலுக்கு எவ்வளவு கிட்டப் போறேன், பாருங்க. நீங்க மரம் மாதிரி நிக்கிறீங்களேடா!" என்றது கேமரா, கச்சேரி நடுவே.

"நாங்க நகரக் கூடாதுண்ணே," என்றது வலது மைக். "தவில் எனக்குப் பக்கம், இவனுக்குத் தூரம். அந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் கேக்கணும்."

"ஆளுக்குப் பாதிக் காதா? விளங்கிடும்!"

கச்சேரி முடிந்து படத்தைப் போட்டார்கள். திரை முழுக்க நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம். அப்போது வலப்பக்கமிருந்து தவில் ஒரு முழக்கம் முழங்கியது. படத்திலேயே இல்லாத தவில்காரரைத் தேடி, பார்த்தவர்கள் அத்தனை பேரின் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியது. "நான் காட்டாத ஆளை எப்படிடா அங்கே உட்கார வச்சீங்க?"

"அவரு அங்கேதாண்ணே உட்கார்ந்திருந்தாரு," என்றது இடது மைக்.

கேமரா படத்தை முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தது. மேடை, தோரணம், கூட்டம் எல்லாம் இருந்தன. குறுக்கே நிற்கிறார்கள் என்று மேடைக்கு முன்னால் நின்ற அந்த இருவரை மட்டும் ஒரு காட்சியில்கூட விழாமல் ஒதுக்கியிருந்தது அப்போதுதான் அதற்கு உறுத்தியது.